ஈவிங் என்ற பெயருக்குள் ஒளிந்திருந்த கட்டி: சிஐசி சார்கோமாவை மரபணு வெளிப்பாடு பிரித்துக் காட்டிய விதம்

தொடையின் ஆழத்தில் வளர்ந்த ஒரு கட்டி. நோயாளிக்கு முப்பதை ஒட்டிய வயது. ஊசி பயாப்ஸியில் நூலிழை போல நாலைந்து துண்டுகள் வருகின்றன. ஸ்லைடில் சிறிய வட்டச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, நடுநடுவே செத்துப்போன திட்டுகள். கட்டியின் வகையைச் சொல்லும் கெரட்டின், டெஸ்மின், எஸ்100, லிம்போமாவுக்கான சாயங்கள் எதுவும் பிடிக்கவில்லை. சிடி99 சாயம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பேறியிருக்கிறது. இப்படிப்பட்ட ஸ்லைடுகளுக்குப் பல ஆண்டுகளாக விழுந்த பெயர் "ஈவிங் சார்கோமா", அல்லது "ஈவிங் போன்ற சார்கோமா". சார்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் எழும் புற்றுநோய்; ஈவிங் அதில் ஒரு வகை.

அந்தப் பெயருக்குள் வேறொரு நோய் இருந்தது. இன்று அதற்கு சிஐசி மறுசீரமைவுச் சார்கோமா என்று பெயர். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதற்குத் தனி இடம் கொடுத்தது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்கோமாக்கள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதிலும் இது ஒரு சிறு துளி. ஆனாலும் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு, அதாவது எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்று எண்ணிப் பார்ப்பது, எங்கே கை கொடுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்ற இரண்டையும் இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டும் கட்டிகள் குறைவு.

பெயர் மாறினால் நோயாளிக்கு என்ன மாறுகிறது என்று கேட்கலாம். 2017-இல் கிறிஸ்டினா அன்டோனெஸ்கு குழு இப்படிப்பட்ட 115 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 43 சதவீதம். ஒப்பீட்டுக்கு வைத்த ஈவிங் நோயாளிகளில் அது 77 சதவீதம். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் ஈவிங்குக்கு எழுதிய கீமோ அட்டவணையின் பலன் கணக்கு இரு தரப்புக்குமே தப்பாகும். நுரையீரலுக்குச் சீக்கிரம் பரவும் நோயாளியிடம் "இது நன்றாகக் கேட்கும் வகை" என்று சொல்ல நேரும்.

நான்கு பெட்டிகள்

வட்டச் செல் கட்டிகளை மரபணு வெளிப்பாட்டால் பிரிக்க முடியும் என்பதை 2001-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஜாவேத் கான் குழு காட்டியது. நியூரோபிளாஸ்டோமா, ராப்டோமயோசார்கோமா, ஈவிங், பர்கிட் லிம்போமா என நான்கு வகை. 6,567 மரபணுக்கள் பதித்த மைக்ரோஅரே என்ற சில்லில் 63 மாதிரிகளை ஓட்டி, செயற்கை நரம்பு வலையமைப்புக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில் 96 மரபணுக்களே போதுமாக இருந்தன. பயிற்சியில் சேராத 25 மாதிரிகளைப் பிறகு கொடுத்துப் பார்த்தபோது, நான்கு வகைக்குள் வரும் 20 மாதிரிகளும் சரியான பெட்டியில் விழுந்தன.

மீதி 5 மாதிரிகள் நான்கிலும் சேராதவை, அவற்றில் சாதாரணத் தசையும் இருந்தது. அந்த 5 மாதிரிகளையும் வலையமைப்பு ஏற்கவில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தூர வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் "தெரியாது" என்று சொல்லும்படி அமைத்திருந்தார்கள். எங்கள் பார்வையில் அந்த ஆய்வின் தலைசிறந்த பகுதி இந்த வரம்புதான். பிறகு வந்த வகைப்படுத்திகளில் பல இதை விட்டுவிட்டன. நான்கு பெட்டி மட்டும் தெரிந்த இயந்திரத்திடம் ஐந்தாவது நோயைக் கொடுத்தால், வரம்பு இல்லாதபோது அது ஏதாவது ஒரு பெட்டியில் போட்டே தீரும். சிஐசி சார்கோமா அப்படித்தான் ஈவிங் பெட்டியில் விழும்.

இணைவு என்ன செய்கிறது

2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈவிங் என்று கருதப்பட்ட இரண்டு கட்டிகளில் 4-ஆம், 19-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதை ஆராய்ந்து, சிஐசி, டக்ஸ்4 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்ட சிஐசி-டக்ஸ்4 என்ற இணைவு மரபணுவைக் கண்டார்கள். சிஐசி இயல்பில் ஒரு பூட்டு. ஈடிவி1, ஈடிவி4, ஈடிவி5 ஆகிய மரபணுக்களின் முன்பகுதியில் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைக்கும். டக்ஸ்4 கரு உருவான முதல் சில நாட்களில் மட்டும் விழித்து, பிறகு உறங்கிவிடும் மரபணு. அதன் வால்பகுதி மற்ற மரபணுக்களைத் தட்டியெழுப்பும் ஆற்றல் கொண்டது. இணைவில் சிஐசியின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது, நுனியில் மட்டும் டக்ஸ்4-இன் வால் ஒட்டிக்கொள்கிறது. பூட்டு போய் உட்கார்ந்த அதே இடத்தில் இப்போது சாவி போய் உட்காருகிறது. அடங்கியிருந்த ஈடிவி மூன்றும் எகிறுகின்றன.

2014-இல் ஸ்பெக்ட் முதலானோர் சிஐசி-டக்ஸ்4 கட்டிகளையும் ஈவிங்கையும் பக்கத்தில் வைத்து வெளிப்பாட்டை ஒப்பிட்டார்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. ஈடிவி குடும்பத்தோடு டபிள்யூடி1-உம் சிஐசி பக்கம் உயர்ந்திருந்தது. ஈவிங்கில் இணைவுப் புரதம் தட்டியெழுப்பும் என்கேஎக்ஸ்2-2, சிஐசி பக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரே ஒரு இணைவால் ஓடும் கட்டி என்பதால்தான் இவ்வளவு சுத்தமான பிரிவு கிடைக்கிறது. குரோமோசோம்கள் தாறுமாறாகக் குலைந்த பிளியோமார்ஃபிக் சார்கோமாக்களில் இதை எதிர்பார்க்க முடியாது. 206 சார்கோமாக்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த டிசிஜிஏ (புற்றுநோய் மரபணுத்தொகுதி அட்லஸ்) ஆய்விலும், வகைப்படுத்தப்படாத பிளியோமார்ஃபிக் சார்கோமாவும் மிக்ஸோஃபைப்ரோசார்கோமாவும் ஒன்றோடொன்று கலந்து, ஒரே தொடரின் இரு முனைகளாகவே நின்றன.

இணைவை நேரடியாகத் தேடினால் போதாதா?

நியாயமான கேள்வி. சிஐசி-டக்ஸ்4 விஷயத்தில் நேரடித் தேடல் அடிக்கடி கோட்டை விடுகிறது.

டக்ஸ்4 உட்கார்ந்திருக்கும் இடம் 4-ஆம் குரோமோசோமின் நுனி. அங்கே ஏறத்தாழ 3,300 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டு திரும்பத் திரும்ப, பலருக்குப் பத்து இருபது தடவைக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு துண்டிலும் டக்ஸ்4-இன் ஒரு பிரதி. கிட்டத்தட்ட அச்சு மாறாத இன்னொரு தொடர் 10-ஆம் குரோமோசோமின் நுனியில். ஆர்என்ஏ வரிசைப்படுத்தலில் வரும் சிறு ரீட் (இயந்திரம் படித்த எழுத்துத் துணுக்கு) ஒன்று டக்ஸ்4-இலிருந்து வந்தால், அது பல டஜன் இடங்களில் ஒரே மாதிரி பொருந்தும். பொருத்தும் மென்பொருள் அதை "இடம் தெரியாதது" என்று ஒதுக்கும், இணைவு தேடும் மென்பொருளுக்கு அது போய்ச் சேராது. 2014-இல் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே இதைச் சொல்கிறது. குரோமோசோம் மாற்றம் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு கட்டியில் ஃபியூஷன்மேப், ஃபியூஷன்ஃபைண்டர், கைமராஸ்கேன் மூன்றும் இணைவைத் தவறவிட்டன. கோப்பில் ஓர் எழுத்துத் தொடரைத் தேடும் 'க்ரெப்' என்ற எளிய கட்டளை அதைப் பிடித்தது.

மரபணுவின் இரு பக்கமும் நிறப் புள்ளி ஒட்டி, அவை விலகுகின்றனவா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. சிஐசிக்கான பிளவு ஃபிஷ் ஒரு பகுதிக் கட்டிகளைத் தவறவிடுகிறது என்பது 2016-17 வாக்கிலேயே யோஷிதா குழுவின் ஆய்வில் பதிவானது. துண்டு மாற்றம் சிறியதாக, உள்ளடங்கி நடந்திருந்தால் இரண்டு நிறப் புள்ளிகளும் விலகாமலே நிற்கும். ஆகவே "ஃபிஷ் நெகட்டிவ்" என்பதை வைத்து சிஐசி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இணைவு கண்ணில் படாவிட்டாலும் அது எழுப்பிவிட்ட ஈடிவி4 ஆயிரக்கணக்கான ரீட்களோடு தெரியும். மரபணு வெளிப்பாட்டின் முதல் பயன் இங்கேதான்.

இணைவுத் தேடலையும் கைவிட வேண்டாம். ரீட்களைப் பொருத்தும் ஸ்டார் மென்பொருளின் இயல்பு அமைப்பில் 10 இடங்களுக்கு மேல் பொருந்தும் ரீட் தூக்கி எறியப்படும். அந்த வரம்பை 50 ஆக உயர்த்தி ஓட்டுங்கள். எக்ஸான் எனப்படும் சிஐசியின் மரபணுத் துண்டுகளில் கடைசியான 20-ஐ ரீட் காட்டியில் திறந்து பாருங்கள். முறிவு பெரும்பாலும் அங்கேதான். பல ரீட்கள் ஒரே எழுத்தில் பாதி பொருந்தி, பாதி வெட்டுப்பட்டு நின்றால், அந்த வெட்டுப்பட்ட வாலை எடுத்து டக்ஸ்4 வரிசையோடு ஒப்பிட வேண்டும். விரையைத் தவிர வளர்ந்த திசுக்களில் டக்ஸ்4 அநேகமாக ஓசையற்றது. தொடைக் கட்டியில் ஒரு சில ரீட்கள் வந்தாலும் அசட்டை செய்யக் கூடாது.

பிளாக்கிலிருந்து எண்கள் வரை

கெட்டுப்போவது பெரும்பாலும் கணினிக்கு முன்பே. நடுநிலைப்படுத்திய 10 சதவீத ஃபார்மலினில் திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். வெள்ளி மாலை எடுத்த பயாப்ஸி நீண்ட விடுமுறை முடியும்வரை ஃபார்மலினில் கிடந்தால் ஆர்என்ஏ நொறுங்கிப்போகும். எலும்பைத் தொட்ட கட்டியானால் சுண்ணாம்பு நீக்க அமிலம் கூடாது, ஈடிடிஏ கரைசல் மட்டுமே. அமிலத்தில் போன திசுவுக்குப் பிறகு எந்தக் கிட்டும் கை கொடுக்காது.

ஊசி பயாப்ஸியில் திசு கொஞ்சம்தான். ஒவ்வொரு சாயத்துக்கும் பிளாக்கை (பாரஃபின் மெழுகில் பதித்த திசு) மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் ஏற்றி இறக்கினால், முகம் சமப்படுத்துவதிலேயே பாதி போய்விடும். முதல் தடவையிலேயே சாயத்துக்கு 4 மைக்ரான் ஸ்லைடுகளைக் கூடுதலாகவும், ஆர்என்ஏவுக்கு 10 மைக்ரான் சுருள்கள் ஐந்தாறும் வெட்டி வைத்துவிடுவது நல்லது. காற்றுபட்ட முதல் ஓரிரு சுருள்களை எறிந்துவிடலாம். ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு. பக்கத்து நோயாளியின் திசுத் துணுக்கு ஒன்று ஒட்டிவந்தால், கடைசியில் அது இணைவாகவே அறிக்கையில் ஏறிவிடக் கூடும்.

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்லைடைச் சாயமிட்டு, கட்டி எத்தனை சதவீதம் என்று நோயியல் நிபுணர் குறிக்க வேண்டும். தொடையில் எடுத்த பயாப்ஸியில் ஓரமாக ஒட்டிய தசை நார்தான் இங்கே பெரிய வம்பு. முதிர்ந்த தசையில் சில மரபணுக்கள் அபாரமான அளவில் ஓடுகின்றன. கால்வாசித் தசை கலந்தாலே டெஸ்மின், கிரியேட்டின் கைனேஸ் எண்கள் உயர்ந்து, வகைப்படுத்தி தசைச் செல் வகையான ராப்டோமயோசார்கோமா பக்கம் சாயும். தசை இருக்கும் ஓரத்தை ஸ்லைடிலிருந்து பிளேடால் சுரண்டி விலக்கினால் போதும், பத்து நிமிட வேலை.

பாரஃபினைக் கரைத்த பின், புழக்கத்தில் உள்ள ஒரு கிட்டின் முறைப்படி புரோட்டினேஸ்-கே நொதியில் 56 டிகிரியில் 15 நிமிடம், அடுத்து 80 டிகிரியில் 15 நிமிடம். இரண்டாவது சூடுதான் ஃபார்மலின் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பது. அதைக் குறைத்தால் மகசூல் குறையும், இழுத்தால் ஆர்என்ஏ உடையும். பிறகு டிஎன்ஏவை நொதியால் அழித்துவிட வேண்டும். அளவைக் கியூபிட் கருவியில் பாருங்கள். நானோடிராப் கருவியின் எண் இங்கே பொய் சொல்லும். தரத்துக்கு வழக்கமான ஆர்ஐஎன் எண் உதவாது, டிவி200 பார்க்க வேண்டும். 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்பதே அது. 30-க்குக் கீழே போனால் வேறு பிளாக் தேடுவதே மேல்.

ஃபார்மலின் திசுவில் ஆர்என்ஏவின் நுனியில் உள்ள பாலி-ஏ வாலைப் பிடித்து இழுக்கும் முறை வேலைக்கு ஆகாது. ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிட்டதால் வால் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். எக்ஸான் பகுதிகளைப் பிடிக்கும் கேப்சர் லைப்ரரி (வரிசைப்படுத்தத் தயாரித்த துண்டுத் தொகுப்பு) 20 முதல் 100 நானோகிராமில் நடக்கும், டிவி200 குறையக் குறைய அளவைக் கூட்ட வேண்டும். வரிசைப்படுத்தும் வசதி இல்லாத இடத்தில் நானோஸ்டிரிங் நல்ல மாற்று. 100 நானோகிராம் ஆர்என்ஏ, 65 டிகிரியில் இரவு முழுக்கப் பிணைப்பு, பெருக்கல் எதுவும் இல்லாமல் நேரடி எண்ணிக்கை. நொறுங்கிய ஆர்என்ஏவை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் பட்டியலில் வைத்த மரபணுக்களைத் தவிர வேறெதையும் காட்டாது. ஒப்பீட்டு மரபணுக்களாக ஒன்றிரண்டை மட்டும் நம்பாமல், நிலையானவை என்று உங்கள் திசுக்களிலேயே சோதித்த பலவற்றை வையுங்கள்.

கணினி எதைக் கற்றுக்கொள்கிறது

இருபது சிஐசி கட்டி, நாற்பது ஈவிங் கட்டி, இருபதாயிரம் மரபணு. இந்த விகிதத்தில் எதை வேண்டுமானாலும் பிரித்துக் காட்டிவிடலாம், அபத்தம் உட்பட. எல்லா மாதிரிகளையும் வைத்து மரபணுக்களைத் தேர்ந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மாதிரியாக விலக்கிச் சோதித்தால் பிழை பூஜ்யத்தை ஒட்டி வரும். நோயின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி மாற்றிப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும்! தேர்வுச் சார்பு என்ற இந்தப் பிழையை 2002-இலேயே ஆம்ப்ராய்ஸும் மெக்லாக்லனும் விளக்கிவிட்டார்கள். மரபணுத் தேர்வு ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளேயே, விலக்கிய மாதிரியைப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஈவிங் பெரும்பாலும் எலும்பில், சிறுவர்களிடம். சிஐசி பெரும்பாலும் மென்திசுவில், இளம் பெரியவர்களிடம். ஈவிங் மாதிரிகள் பழைய உறைபனித் திசுவாகவும், சிஐசி மாதிரிகள் ஃபார்மலின் பிளாக்காகவும் இருந்தால், நீங்கள் கட்டியிருப்பது "உறைபனியா, பாரஃபினா" என்று சொல்லும் இயந்திரம். படத்தில் இரண்டு கொத்து அழகாகப் பிரிந்து நிற்கும், மனம் குளிரும். வகையும் பேட்சும் (ஒரே முறையில் சேர்த்து ஓட்டிய மாதிரித் தொகுதி) ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் காம்பேட் போன்ற கணினித் திருத்தங்களும் உதவாது, நோயின் வேறுபாட்டையும் சேர்த்தே அழித்துவிடும். ஒவ்வொரு பேட்சிலும் எல்லா வகையும் இருக்கும்படி முதலிலேயே அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பாலினமும் உள்ளே புகும். வட்டச் செல் கட்டிகளில் இன்னொரு புது வகையான பிகோர்-சிசிஎன்பி3 சார்கோமா பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. பார்க்காமல் விட்டால் ஒய் குரோமோசோம் மரபணுக்கள் அதன் அடையாளமாகத் தேர்வாகிவிடும். ஒய் மரபணுக்களையும், இயல்பில் பெண்களிடம் மட்டும் ஓடும் எக்சிஸ்ட்டையும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். எக்ஸ் குரோமோசோமை மொத்தமாக நீக்கிவிடாதீர்கள், பிகோரும் சிசிஎன்பி3-உம் அங்கேதான் இருக்கின்றன. நீக்கிய எக்சிஸ்ட்டுக்கும் வேறு வேலை உண்டு. ஆண் நோயாளியின் குழாயில் எக்சிஸ்ட் ஓங்கி ஒலித்தால் மாதிரி மாறிப்போயிருக்கலாம்.

ஈடிவி4, டபிள்யூடி1 இரண்டையும் மொத்த எண்ணாக மட்டும் பார்த்தாலும் தவறு நேரும். ஈவிங்கிலேயே அபூர்வமாக ஈடபிள்யூஎஸ்ஆர்1-ஈடிவி4 இணைவு உண்டு. அங்கும் ஈடிவி4 உயரும். டெஸ்மோபிளாஸ்டிக் சிறு வட்டச் செல் கட்டியில் ஈடபிள்யூஎஸ்ஆர்1-டபிள்யூடி1 இணைவால் டபிள்யூடி1 உயரும். எக்ஸான் வாரியாகப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். இந்த இரண்டிலும் மரபணுவின் பின்பாதி மட்டும் உயர்ந்திருக்கும், முன்பாதி தாழ்ந்திருக்கும். சிஐசி கட்டியில் மரபணு முழுநீளமும் உயரும். ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்தப் பார்வையை அறிக்கைக்கு முந்தைய கட்டாயப் படியாக வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

புது மாதிரி ஒன்று வரும்போது பழையவற்றோடு சேர்த்து மறுபடி எல்லாவற்றையும் சமப்படுத்தினால், நேற்றைய நோயாளியின் மதிப்பெண் இன்று மாறும். மருத்துவமனையில் இது ஆகாது. ஒப்பீட்டுத் தொகுப்பை உறையவைத்து, புது மாதிரியை மட்டும் அதன்மேல் பொருத்த வேண்டும். அல்லது ஒரே மாதிரிக்குள் "ஈடிவி4 என்கேஎக்ஸ்2-2-ஐவிட உயர்ந்ததா" என்பது போன்ற ஜோடி ஒப்பீடுகளை வைக்கலாம்.

மீண்டும் ஸ்லைடுக்கு

வெளிப்பாட்டு ஆய்வு கண்ட மரபணு ஒன்று பழுப்புச் சாயமாக ஸ்லைடில் வந்து இறங்கும்போதுதான் பரவலான பயன் தொடங்குகிறது. இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டிக்கு டாக்1, சைனோவியல் சார்கோமாவுக்கு டிஎல்ஈ1, லோ கிரேடு ஃபைப்ரோமிக்சாய்டு சார்கோமாவுக்கு மக்4 என எல்லாமே அப்படி வந்தவை. சிஐசிக்கு ஈடிவி4-உம் டபிள்யூடி1-உம் 2016 வாக்கில் ஆன்டிபாடிகளாகச் சோதிக்கப்பட்டன, அடுத்து டக்ஸ்4 ஆன்டிபாடி. தொடக்கத்தில் சொன்ன தொடைக் கட்டியில் என்கேஎக்ஸ்2-2 பிடிக்காமல், ஈடிவி4-உம் டபிள்யூடி1-உம் செல்லின் உட்கருவில் பரவலாகப் பிடித்து, டக்ஸ்4-உம் பிடித்தால், வரிசைப்படுத்தும் இயந்திரம் இல்லாத ஆய்வகமும் சிஐசி என்ற பெயரை நம்பிக்கையோடு முன்வைக்கலாம்.

டக்ஸ்4 பிடிக்காததால் மட்டும் விலக்கிவிட வேண்டாம். சிஐசி வேறு துணையோடும் சேரும், ஃபாக்ஸோ4, நட்எம்1 போல. நட்எம்1 இணைவில் டக்ஸ்4 சாயம் பிடிக்காது, நட் சாயம் பிடிக்கும். பாரிசின் கியூரி நிறுவனத்திலிருந்து 2018-இல் வந்த வட்டச் செல் சார்கோமா ஆர்என்ஏ ஆய்வில் சிஐசி கட்டிகள் துணை எதுவானாலும் ஒரே குழுவில் அமர்ந்தன. துணை மாறினாலும் எழும்பும் மரபணுக்கள் அநேகமாக அவையே.

ஐயம் நீடித்தால் இரண்டாம் சாட்சியாக டிஎன்ஏ மெத்தைலேற்றம் (டிஎன்ஏமேல் படியும் வேதிக் குறிகள்) இருக்கிறது. 2021-இல் வந்த சார்கோமா வகைப்படுத்தி 1,077 மாதிரிகளில் பயிற்சி பெற்று 62 வகைகளை அடையாளம் காண்கிறது. பழைய பிளாக்கிலும் டிஎன்ஏ தாக்குப்பிடிக்கும், ஆர்என்ஏ போனபின்னும் இது நடக்கும்.

சில கட்டிகள் எதிலும் சேராமல் நடுவில் நிற்கும். சிஐசிக்கு 0.5, வேறொன்றுக்கு 0.3 என்று மதிப்பெண் வரும். அப்போது முதலில் கட்டி சதவீதத்தையும் தசை மரபணுக்களையும் பார்த்து, முடிந்தால் வேறு பிளாக்கிலிருந்து மறுபடி ஆர்என்ஏ எடுங்கள். அப்படியும் நகராவிட்டால் "வகைப்படுத்த இயலாத வட்டச் செல் சார்கோமா, ஈவிங் இணைவு காணப்படவில்லை, வெளிப்பாடு ஈவிங்கோடு பொருந்தவில்லை" என்றே அறிக்கை எழுத வேண்டும். அதிக மதிப்பெண் பெற்ற பெயரைத் தூக்கித் தலைப்பில் வைக்கக் கூடாது. ரீட் கோப்புகளையும் அழிக்காதீர்கள். பிகோர்-சிசிஎன்பி3 இணைவு 2012-இல் கண்டுபிடிக்கப்பட்டது, ஈவிங் போலத் தெரிந்தும் ஈவிங் இணைவு இல்லாத கட்டிகளின் ஆர்என்ஏவை வரிசைப்படுத்தியபோதுதான். ஒப்பீட்டுத் தொகுப்பில் புது வகை சேரும் ஒவ்வொரு முறையும், பெயரில்லாமல் நிற்கும் மாதிரிகளை எடுத்து மறுபடி அதன்மேல் பொருத்திப் பார்த்து, பெயர் கிடைத்தால் சிகிச்சை தரும் மருத்துவருக்கு அன்றே திருத்திய அறிக்கை போக வேண்டும்.